குங்குமம் வைத்த கியர் பாக்ஸ்

போன வாரம் என் மருமகள் என்னைக் காது பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் டிவி பார்த்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் வசனம் கேட்கிறதாம். நம் வயதில் இது ஒன்றும் அதிசயமில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் காதில் மிஷினை மாட்டியிருப்பீர்கள். மீதிப் பேர், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ள பேசுறீங்க" என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் இந்த இரண்டாவது கட்சி.

பரிசோதனை செய்த பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். இரண்டு கால் முளைத்த ஒரு இரும்புக் கம்பியைத் தன் முழங்கையில் தட்டி என் காதருகே காட்டினாள். ஏதோ லேசாகக் கேட்டது. அடுத்து அதன் அடிக்கட்டையைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினாள். மண்டைக்குள் முழுவதுமாக அந்த ஓசை நிறைந்தது. எனக்குக் கண்ணில் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை பயந்துபோய், "வலிக்குதாம்மா?" என்று கேட்டது. "இல்ல கண்ணு, ஒரு மோட்டார் சைக்கிள் கியர் பாக்ஸ் ஞாபகம் வந்துருச்சு" என்றேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அடுத்து எந்த டாக்டரிடம் கூட்டிப் போவது என்று யோசிக்கிறாள்.

அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பா பஸ் டிரைவர். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போய்த் திரும்பும் தனியார் பஸ். முதலாளிக்கு மூன்று பஸ்களும் ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டும் இருந்தன. அப்பாவுக்கு முதலில் காதில் சீழ் வந்தது. ஆளாளுக்கு ஒரு எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்கள். சீழ் நின்றது, கூடவே ஓசைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஒரு நாள் கண்டக்டர் நிற்கச் சொல்லி விசில் அடித்தது கேட்காமல் அப்பா பஸ்ஸை எடுத்துவிட்டார். படியில் ஒரு கால் வைத்திருந்த ஒரு கீரைக்கார அம்மாள் கூடையோடு கீழே உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு அப்பா ஸ்டியரிங்கிலிருந்து இறங்கிவிட்டார். ஒரு டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, நரம்பு செத்துப்போச்சு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குக் காது கேட்காது. நடுவில் நான், கையில் என் பள்ளிக்கூடச் சிலேட்டு. அம்மா சொல்வதை எழுதி அப்பாவிடம் காட்டுவேன். அப்பா படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். அவர் குரல் ரொம்பவும் மெதுவாகிப்போயிருந்தது. பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். மனசு விட்டுப்போன மனிதர் வேறு எப்படிப் பேசுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். அரிசி தீர்ந்துவிட்டது, விறகு ஈரம், மாமா வருகிறார் என்று சிலேட்டில் போனவையெல்லாம் இவ்வளவுதான். பெற்ற மகளிடம் சொல்லி எழுதச்சொல்ல முடியாத பேச்சுகள் புருஷன் பெண்டாட்டிக்குள் எத்தனை இருக்கும் என்று எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் புரிந்தது.

அந்தப் பேச்சுகளையெல்லாம் அம்மா அப்பாவின் எதிரிலேயே உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொள்வாள். வெங்காயம் உரித்துக்கொண்டே அவரை வைவாள், அவருக்காக அழுவாள், சில சமயம் கொஞ்சக்கூடச் செய்வாள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கு அது பழகிவிட்டது.

புரட்டாசி பிறந்த சமயம், முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் சிலேட்டோடு போனேன். முதலாளியின் மகளுக்கு அந்த வருஷம் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்குப் பழைய வண்டிகள் மேல் கொள்ளை ஆசை. முதலாளியின் அப்பா பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஒரு வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் ஷெட்டின் மூலையில் கோணிக்கு அடியில் கிடந்தது. எஞ்சின் ஓடுகிறது. ஆனால் மூன்றாவது கியர் நிற்காது. போட்டதும் தெறித்து வெளியே வந்துவிடும். உள்ளே கடாமுடாவென்று சத்தம் வேறு. இந்தக் காலத்து வண்டிபோல் இல்லாமல் அதில் கியர் பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டாமல் தனிப்பெட்டியாக இருக்கும்.

"மாப்ள வாரதுக்குள்ள வண்டிய ஓட வச்சுக் குடுத்துரு. ஷெட்டுலயே உனக்கு வேல போட்டுத் தாரேன்" என்றார் முதலாளி. அப்பா ஒரு காலத்தில் பாதி வழியில் நின்ற பஸ்ஸைத் தானே பிரித்துச் சரிசெய்து ஓட்டி வந்தவர் என்பது அவருக்குத் தெரியும்.

ஷெட்டு மேஸ்திரி பீடித் துண்டைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "கியர் பாக்ஸுங்கறது காதால பாக்குற வேல மொதலாளி. காது கேக்காத ஆளு அதத் தொடுறது, கண்ணு தெரியாத ஆளு கோலம் போடுற மாதிரி. எடுத்துட்டு வேணா போகட்டும், என் ஷெட்டுல வச்சுப் பிரிக்க வேணாம்."

இதில் எதைச் சிலேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'தீபாவளிக்குள் ஓடினால் வேலை' என்று மட்டும் எழுதினேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் மாமா இருந்தார், அம்மாவின் அண்ணன். அய்யலூரில் ஆட்டு வியாபாரம். அடுத்த வாரமே வந்து, "தீபாவளி கழிஞ்சதும் எல்லாரும் அங்க வந்துருங்க. சந்தைக்கு ஆடு ஓட்ட எனக்கும் ஒரு ஆளு வேணும். காது கேக்காட்டி என்ன, ஆடு என்ன கதையா சொல்லப்போகுது?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணே" என்றாள். அதையும் நான்தான் எழுதிக் காட்டினேன். அப்பா படித்துவிட்டு உள்ளங்கையால் துடைத்தார். சிலேட்டு சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கியர் பாக்ஸ் எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் கேரியரில், சாக்கில் கட்டி வந்தது. ஒரு பெரிய பலாக்கொட்டை வடிவம், மேலெல்லாம் தார்போல எண்ணெய்ப் பிசுக்கு. பின்கட்டு வேப்பமரத்தடியில் வைத்து அப்பா மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது: பழைய எண்ணெயும் கருகிய இரும்பும் கலந்த வாசனை. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு தண்டுகள், அவற்றில் வரிசையாகப் பல் சக்கரங்கள், ஒன்றின் பல்லுக்குள் ஒன்றின் பல். மேலே அப்பா ஒரு சக்கரத்தை விரலால் தள்ளினால் கீழே அத்தனையும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றின. யாரும் பார்க்காத ஒரு பெட்டிக்குள் இவ்வளவு அழகை எதற்கு வைத்துப் பூட்டினார்கள் என்று நான் வாய் பிளந்து நின்றேன். 

அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றி, அடுப்புக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவி, ஒரு பலகையில் பழைய வேட்டி ஒன்றை விரித்துக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார். இடப்பக்க ஓரத்தில் முதலில் வந்தது, வலப்பக்க ஓரத்தில் கடைசியில் வந்தது. சக்கரங்களுக்கு இடையில் மெல்லிய வட்டத் தகடுகள், அதாவது வாஷர்கள், நிறைய இருந்தன. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை தடிமன் வித்தியாசம். எது எங்கே இருந்ததோ அது அங்கேதான் போகவேண்டும். மாறினால் தண்டு முன்னும் பின்னும் ஆடும், கியர் தெறிக்கும். "இதத் தாண்டாத, தொடாத" என்று என்னிடம் சொல்லி, வேட்டியை அப்படியே பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் ஒன்று தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அதைப் புதிதாகக் கடைந்து தரச்சொல்லிப் பேகம்பூரில் ஒரு லேத்துப் பட்டறை பாயிடம் கொடுத்திருந்தார். ஆயுத பூஜையன்று காலையில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார் அந்த பாய். ஊரிலுள்ள பட்டறையெல்லாம் அன்றைக்குப் பூஜைக்கு மூடியிருக்கும், அவர் பட்டறைதான் திறந்திருக்கும். அப்பா விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் ஆயுத பூஜைதான் எங்கள் வீட்டின் பெரிய பண்டிகை. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனம் பூசி அவர் பஸ் தெருமுனையில் வந்து நிற்கும். அம்மா போய் ஆரத்தி எடுப்பாள். வேலை போன பிறகு பூஜை அரிவாள்மணைக்கும் அம்மிக்கும் என்று சுருங்கிவிட்டது. "இந்த வருசந்தாண்டி வீட்டுல ஆயுதம்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்தாள். தொடாதே என்று அப்பா சொன்னது பண்டிகைக் குதூகலத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது.

புளியும் சாம்பலும் வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் விளக்கினாள். பல் பல்லாகத் தேங்காய் நார் விட்டுத் தேய்த்தாள். நல்ல வாழையிலை விரித்து, பெரியதிலிருந்து சிறியதுவரை அளவு பார்த்து அழகாக அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். வாஷர்களை என்ன செய்தாள் தெரியுமா? மஞ்சள் நூலில் கோத்தாள். ஒரு பித்தளை, ஒரு இரும்பு, ஒரு பித்தளை, ஒரு இரும்பு என்று மாற்றி மாற்றிக் கோத்து, வெறும் கியர் பெட்டியை நிமிர்த்தி வைத்து அதன் கழுத்தில் மாலையாகப் போட்டாள். முன்னால் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பழம். எனக்குக் கும்பிடத் தோன்றியது. அவ்வளவு லட்சணமாக இருந்தது.

அப்பா உள்ளே வந்தார். பார்த்தார். சட்டைப் பையிலிருந்த புதுப் புஷ்ஷின் மேல் ஒரு கையை வைத்தபடி அப்படியே நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் பையிலிருந்து புஷ்ஷை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து, இலையின் ஓரத்தில் வைத்தார். அம்மா அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். சூடம் காட்டியபோது கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது; மறுநாள்தான் எடுக்கவேண்டும். அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து இலைக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்க எழுந்திருக்கவில்லை. சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் மாலையைப் பார்ப்பதுமாக இருந்தார். அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னடி, அந்த மனுசன் ஏன் இப்புடி ஒக்காந்துருக்காரு?" என்றாள். நான் 'ஏன்ப்பா?' என்று எழுதிக் காட்டினேன்.

"வரிசை போச்சு தாயி" என்றார் அப்பா, அந்த மெல்லிய குரலில்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் மாலையைக் கழற்றப் போனாள். சாமிக்கு வைத்ததைத் தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் கேட்காதே.

மறுநாள் காலையில் அப்பா பெரிய சக்கரம் ஒன்றை எடுத்துத் தண்டில் மாட்டினார். குங்குமத்தைத் துடைக்கப் போனவர் நிறுத்திவிட்டு, எதிர்த் தண்டில் ஒரு சின்னச் சக்கரத்தை மாட்டி இரண்டையும் சேர்த்துச் சுற்றினார். பெரியதன் பற்களில் சிந்தி ஒட்டியிருந்த குங்குமம் சின்னதன் பற்களில் போய் ஒட்டியது. பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் சிவப்பு. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். இப்போது பல்லின் நடுவில், நெடுக, ஒரே சீராகச் சிவந்தது. காலங்காலமாகச் சேர்ந்தே தேய்ந்த ஜோடி அதுதான். அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

"அம்மாட்ட குங்குமச் சிமிழ வாங்கிட்டு வா தாயி. கூடக் கொஞ்சம் நல்லெண்ணெய்."

அம்மா தானே எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவளும் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டி ஆடாமல் மடியில் சாக்கு போட்டு அணைத்துப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அப்பா ஒவ்வொரு வாஷரிலும் தடவுவார், மாட்டுவார், சுற்றுவார், கழற்றிப் பார்ப்பார். எங்கே சிவப்பு வழித்துக்கொண்டு போயிருக்கிறதோ அங்கே உரசுகிறது. மஞ்சள் நூலிலிருந்து அடுத்த வாஷர் இறங்கும். மாலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மாட்டியது தவறென்றால் வாஷர் மறுபடியும் நூலில் ஏறியது. எத்தனை தடவை கழற்றி மாட்டினார் என்று எண்ணியவர் யாருமில்லை. அப்பாவின் விரல் நுனியும் அம்மாவின் சேலையும் பண்டிகை முடிந்த பிறகும் சிவந்தே இருந்தன.

சத்தத்தைக் கேட்பது மட்டும் என் பொறுப்பு. நான் காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டுவிட்டு, சரியாக இல்லை என்றால் கையை ஆட்டுவேன். ஆனால் எங்கிருந்து வருகிறது, எந்தச் சக்கரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கேட்டதெல்லாம் 'கர்ர்ர்' ஒன்றுதான். அதைச் சிலேட்டில் எழுதியும் காட்டினேன். அப்பா பாவம், அதையும் படித்தார்.

ஒரு நாள் அவருடைய இரண்டு கையிலும் ஏதோ இருந்தது. நீளமான ஸ்குருடிரைவரின் மரப்பிடியைப் பல்லில் கவ்வியிருந்தார். நான் தண்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பார்க்கக் குனிந்தவரின் ஸ்குருடிரைவர் நுனி பெட்டியில் முட்டியது. அப்பா அசையாமல் நின்றார். சுற்று, சுற்று என்று கண்ணாலேயே சொன்னார். சுற்றினேன். பிடியை இன்னும் இறுக்கிக் கடித்தார்.

"அடியில என்னமோ உருளுது" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை. அப்பா எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு மூலைப் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் துழாவினார். வெளியே வந்தது ஒரு பாதிப் பொட்டுக்கடலை. பூஜையில் படைத்தது.

அந்தப் பொட்டுக்கடலையை அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வது? கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். அம்மா வாயில் கைவைத்துச் சிரித்தாள்.  ஆனாலும் எங்கள் மூவருக்கும் புத்தி அதற்கு மேல் போகவில்லை. ஏதோ பல்லில் அதிர்வு தெரிகிறது, விரலில் தெரிவது மாதிரி என்றுதான் நினைத்தோம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

மூன்றாவது கியர் மட்டும் பிடிவாதமாகத் தெறித்துக்கொண்டே இருந்தது. மாமாவிடமிருந்து, சாமான்களை ஏற்ற வண்டி பேசிவிட்டதாக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்று மத்தியானம் நாங்கள் மூவரும் களைத்துப்போயிருந்தோம். அப்பா ஸ்குருடிரைவரைக் கடித்து நுனியைப் பெட்டியில் ஊன்றி, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை வலித்ததால் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். அம்மா மடியிலிருந்த பெட்டியின் விளிம்பில் மோவாயை வைத்துச் சாய்ந்துகொண்டு, வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"அய்யலூருக்குப் போகணும்னு எனக்கு மட்டும் ஆசையா? நெதம் அண்ணி மொகத்தப் பாத்துப் பாத்துச் சோறு திங்கணும். சரின்னு சொன்னது இந்த மனுசனுக்காகத்தான். தெருவுல போறவன் வாரவனெல்லாம் செவிட்டு டிரைவரு, செவிட்டு டிரைவருங்கறான். இவருக்குக் கேக்காது. எனக்குக் கேக்குதே."

அப்பா கண்ணைத் திறந்தார். ஸ்குருடிரைவரை வாயிலிருந்து எடுத்தார்.

"சொல்றவன் சொல்லிட்டுப் போறான். நீ போக வேணாம்" என்றார்.

 அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "நீ எழுதிக் காட்டுனியாடி?" என்றாள். நான் என் இரண்டு வெறும் கைகளையும் விரித்துக் காட்டினேன். சிலேட்டு வீட்டுக்குள் கிடந்தது.

அவள் மறுபடியும் பெட்டியில் மோவாயை வைத்தாள்.  அப்பா பிடியைக் கடித்து நுனியை ஊன்றினார்.

"என்னங்க... கேக்குதா?"

அவர் தலையை ஆட்டினார். பிறகு பிடியை எடுத்துவிட்டு, "கேக்குது. ஒன் கொரலு அப்புடியே இருக்கு" என்றார்.

நான் பின்கட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஏதோ தெய்வம் இறங்கிய இடத்தில் நிற்பதுபோல எனக்குக் கால் கூசியது. அம்மா அழுதுகொண்டே பேசினாள், பேசிக்கொண்டே அழுதாள். நடுவில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "நீ போயி வெளாடுடி" என்றாள். அம்மா என்னை அப்படி விரட்டியது அதுதான் முதல் தடவை.

போன வாரம் அந்தக் காது பார்க்கிற பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சத்தம் உள்ளே போகும் வழி மட்டும் அடைத்திருந்தால் எலும்பு வழியாகக் கேட்குமாம். நரம்பு நன்றாகவே இருந்திருக்கிறது. "அப்படிப்பட்டவங்களுக்கு அவங்க குரலே அவங்களுக்குப் பெருசா கேக்கும்மா. அதனால மெதுவாத்தான் பேசுவாங்க. உங்கப்பா மெதுவா பேசுனாரா?" என்று கேட்டாள்.  ஊரே அந்த மெல்லிய குரலைக் கேட்டது. மனசு விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனது.

மூன்றாவது கியர் இரண்டு நாளில் நின்றது. அப்பா கண்ணை மூடிப் பல்லால் கேட்டு, நூலில் மிச்சமிருந்த பித்தளை வாஷரை எடுத்து மாட்டினார். பிறகு அது தெறிக்கவே இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் ஷெட்டில் வண்டியில் பூட்டினார்கள். அம்மாவும் வந்திருந்தாள், ஆண்கள் நிற்கிற இடமென்று ஷெட்டின் இரும்புக் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். முதலாளி தானே ஏறி உதைத்தார். வண்டி தடதடவென்று உயிர் பிடித்தது. மலைக்கோட்டையைச் சுற்றி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன நேரம் முழுவதும் மேஸ்திரி பீடி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா வெறுமனே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் வண்டிச் சத்தம் திரும்பி வருவது எனக்குக் கேட்டது. முதல் கியர், இரண்டு, மூன்று. மூன்றாவது நின்றது, சீராக, ஒரு பிசிறில்லாமல். அதைக் கேட்டு மேஸ்திரி பீடியைக் கீழே போட்டார். அந்த ஓசை அப்பாவைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

முதலாளி இறங்கினார். "தீபாவளி கழிஞ்சதும் ஷெட்டுக்கு வந்துரு. அய்யலூருக்கெல்லாம் போக வேணாம்" என்றார். அய்யலூர்ப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. மேஸ்திரியைப் பார்த்து, "என்னய்யா?" என்றார். மேஸ்திரி தலையாட்டினார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாவாடையில் சிலேட்டைத் துடைத்துக்கொண்டு பலப்பத்தை எடுத்தேன்.

அதற்குள் அம்மா கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். அத்தனை ஆம்பளைகளுக்கும் நடுவில் நேராக நடந்து வந்து, அப்பாவின் இடுப்புத் துண்டில் செருகியிருந்த ஸ்குருடிரைவரை உருவினாள். மரப்பிடியை அவர் வாயில் கொடுத்தாள். பல் தடம் ஆழமாகப் பதிந்த பிடி அது. பின்னால் ஒரு வீடு மாற்றும்போது எங்கோ தொலைத்துவிட்டோம். அதன் நுனியைத் தன் மோவாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். முதலாளி சொன்னதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. ஆண்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பிடியைக் கடித்தபடியே, "ம்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். "என்னம்மா சொன்ன அப்பாட்ட?"

"அது ஒனக்கில்லடி" என்றாள்.

அன்று சாயங்காலம் சிலேட்டைக் கரி போட்டுத் தேய்த்துக் கழுவி வேப்பமரத்தடியில் காயவைத்தேன். அதற்குப் பிறகு அதில் பள்ளிக்கூடக் கணக்கை மட்டும்தான் எழுதினேன்.